கரண்ட் போனால் மாயாவி என்ன ஆவார்?

வேதாளரின் காடு தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது என்று ஒன்பது வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். இதற்குக் காரணம் என் பெரியப்பா மகன். பெங்களூருக்குப் பெயின்ட் வேலைக்குப் போய்வந்த அவர், பழைய புத்தகக் கடையிலிருந்து கன்னட இந்திரஜால் காமிக்ஸ்களை அள்ளிக்கொண்டு வருவார். எனக்குக் கன்னடம் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. அவர் படிக்கப் படிக்கப் பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும் கதை சொல்வார். எங்கள் பக்கத்தில் அது சகஜம். அந்தக் கதையில் வேதாளர் வாழும் நாட்டுக்குப் பெயர் டெங்காலி. தேன்கனிக்கோட்டையைக் கன்னடக்காரர்கள் டெங்கணிக்கோட்டை என்பார்கள். சானமாவில் வளர்ந்த பையனுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ராகி முற்றும் பருவத்தில் ராத்திரியில் பட்டாசு வெடிக்கும், தகரம் தட்டுவார்கள். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து யானைக் கூட்டம் வந்து சானமாவு காப்புக்காட்டில் இறங்கியிருக்கும். அத்தனை யானையும் வருகிற திசையில் ஒரு மண்டையோட்டுக் குகை இருக்கக் கூடாதா என்ன?

டெங்காலி வந்த கதை பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் லீ ஃபாக் 1936 பிப்ரவரியில் வேதாளரை நாளிதழ்ப் படத்தொடராகத் தொடங்கியபோது, கதை நடக்கும் நிலத்துக்கு பெங்காலி என்ற பெயர் இருந்தது. பரம்பரை எதிரிகளான கடற்கொள்ளையர்களுக்கு சிங் என்று பெயர். 1964-ல் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இந்திரஜாலைத் தொடங்கியபோது இது அப்படியே வந்தால் வங்காளத்திலும் பஞ்சாபிலும் சும்மா இருப்பார்களா? பெங்காலி டெங்காலி ஆனது, சிங் சிங்கா ஆனது. பம்பாயில் யாரோ ஒரு உதவி ஆசிரியர் வம்பு வேண்டாம் என்று மாற்றிய எழுத்து, எனக்கு ஒரு காட்டையே கொடுத்தது.

வேதாளரிடம் அசாத்திய சக்தி எதுவும் கிடையாது. சாகாத மனிதர் என்ற வதந்தி மட்டும்தான் அவருடைய பலம். அப்பாவுக்குப் பிறகு மகன் என்று வேஷம் கைமாறுவதைக் காட்டுவாசிகள் அறியமாட்டார்கள். ஆகவே அவரை இங்கேயே விட்டுவிடுகிறேன். தமிழ்க் குழந்தைகள் 'சக்தி' என்று உண்மையாகவே நம்பிக் கைக்கொண்ட நாயகன் வேறு ஒருவர். அவருக்கு ஒரு கை இரும்பு.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. எம். சௌந்திரபாண்டியன் தொடங்கியது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. அதற்கு முன்னும் தமிழில் சித்திரக்கதைகள் உண்டு. ஆனால் ஒரு நாயகனின் பெயரைச் சொன்னதும் ஐம்பது வயதுக்காரர் முகம் மாறுகிறது என்றால் அது இந்தப் பெயருக்குத்தான். வங்கி மேலாளர், லாரி ஓட்டுநர், வாத்தியார், யாராக இருந்தாலும் சரி. "மாயாவியா? எங்ககிட்ட பைண்டு பண்ணின வால்யூமே இருந்துச்சு சார்" என்பார்கள். அடுத்த வாக்கியம், அதை யார் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை என்பதாக இருக்கும்.

மூலம் இங்கிலாந்து. ஃப்ளீட்வே நிறுவனத்தின் 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழ் 1962 அக்டோபர் 6 அன்று வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே 'த ஸ்டீல் க்ளா' தொடர் இருந்தது. ஆரம்பக் கதைகளை எழுதியவர் அறிவியல் புனைகதைக்காரரான கென் புல்மர், பிறகு டாம் டுல்லி. படம் வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெஸுஸ் பிளாஸ்கோ. அந்தக் காலத்து ஆங்கிலச் சிறுவர் இதழ்களில் படைப்பாளி பெயர் போடும் வழக்கமே கிடையாது. எனவே இங்கிலாந்துப் பையனுக்கும் பிளாஸ்கோ யாரென்று தெரியாது, சிவகாசிப் பையனுக்கும் தெரியாது. அந்தக் கறுப்பு மையின் அழுத்தமும், பாதி முகம் நிழலில் கிடக்கும் மனிதர்களும், ஈரத் தெருக்களும் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம்.

கதை இதுதான். லூயிஸ் கிராண்டேல் பேராசிரியர் பாரிஞ்சரிடம் ஆய்வுக்கூட உதவியாளன். ஒரு விபத்தில் வலது கை போய்விடுகிறது, இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். மறுபடி ஒரு விபத்து. உடம்பில் உயர் அழுத்த மின்சாரம் பாய்கிறது. ஆள் மறைந்துவிடுகிறான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. மின்சாரத்தின் வீரியம் குறைந்ததும் மறுபடி உருவம் வந்துவிடும். திரும்ப மறைய வேண்டுமானால் திரும்ப ஷாக் வாங்க வேண்டும். பிளக் பாயிண்டில் இரும்பு விரலை விடுவது, அறுந்து தொங்கும் ஒயரைப் பிடிப்பது என்று அதற்குப் பல வழி. எங்கள் தெருவில் ஒருத்தன் வீட்டில் திருப்புளியால் முயன்று பார்த்தான். மறையவில்லை. அவன் அம்மா மாட்டிய அறையில் மறையாதது ஆச்சரியம்.

முதல் கதையில் அவன் வில்லன் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சக்தி வந்ததும் கிராண்டேலுக்குப் புத்தி பேதலிக்கிறது. கொள்ளையடிக்கிறான், நகரத்தையே மிரட்டுகிறான். பிறகுதான் திருந்தி, 'நிழற்படை' என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறான். விரலிலிருந்து குண்டு பாய்வதெல்லாம் அதற்கப்புறம் சேர்ந்த சமாச்சாரம்.

1962 என்ற வருஷத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மே மாதம் ஹல்க், ஆகஸ்டில் ஸ்பைடர்மேன், இங்கிலாந்தில் அக்டோபரில் இரும்புக்கை. ஒருவனுக்குக் காமா கதிர், ஒருவனுக்குக் கதிரியக்கம் பாய்ந்த சிலந்தி, ஒருவனுக்கு மின்சாரம். மூன்றுமே விபத்து. கிராண்டேல் அச்சில் வந்த அதே மாதத்தில்தான் கியூபா ஏவுகணை நெருக்கடியில் உலகம் பதின்மூன்று நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1938-ல் வந்த சூப்பர்மேன் பிறவியிலேயே பலசாலி, வேறு கிரகத்துப் பிள்ளை. அறுபதுகளின் நாயகர்களோ சாதாரண ஆட்கள். விஞ்ஞானம் கை தவறி அவர்கள் மேல் கொட்டிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் ஹல்க்குக்கும் ஸ்பைடர்மேனுக்கும் விபத்தில் எதுவும் குறையவில்லை, கூடத்தான் செய்தது. கிராண்டேலுக்கு ஒரு கை போனது. அது திரும்பி வரவே இல்லை. எனக்கு இந்த வித்தியாசம் புரிந்தது புத்தகத்தால் இல்லை, மாமாவால்.

ஓசூர் சிப்காட் எழுபதுகளில் எழுந்தது. அசோக் லேலண்ட் 1980-ல் இங்கே தொழிற்சாலை திறந்தது. அதே வருஷம் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. சில வருஷங்களில் டைட்டன் கடிகாரம். ராகியும் துவரையும் போட்டுக்கொண்டிருந்த ஊர்களிலிருந்து பையன்கள் சைக்கிளில் ஷிப்ட்டுக்குப் போனார்கள். பெரிய கம்பெனிகளில் இடம் கிடைத்தது கொஞ்சம் பேருக்கு. மிச்சம் பேர் அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சின்னப் பட்டறைகளுக்கு. அங்கே முக்கியமான மெஷின் பவர் பிரஸ்.

பவர் பிரஸ் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மோட்டார் ஒரு கனத்த ஃப்ளைவீலைச் சுற்றிக்கொண்டே இருக்கும். காலால் பெடலை மிதித்தால் கிளட்ச் பிடித்து, மேலே இருக்கும் ராம் டையோடு கீழே இறங்கித் தகட்டை வெட்டும். இல்லையென்றால் வளைக்கும். பழைய மாடல் கிளட்ச் ஒரு முறை பிடித்துவிட்டால் ராம் முழுச் சுற்று போய்த்தான் நிற்கும், நடுவில் நிறுத்த முடியாது. கிளட்ச் சாவி தேய்ந்துபோனாலோ ஸ்பிரிங் உடைந்தாலோ மிதிக்காமலே இன்னொரு தரம் இறங்கும். டபுள் அடி. அந்த நேரத்தில் ஆப்பரேட்டர், வெட்டிய துண்டை எடுக்கக் கையை உள்ளே விட்டிருப்பார். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒன்றாக அழுத்தினால்தான் இறங்கும் என்ற ஏற்பாடு இருந்தால் கை வெளியே இருக்கும். கை குறுக்கே வந்தால் நிற்கும் சென்சாரும் உண்டு, அதற்கு வேறு மாதிரி கிளட்ச் வேண்டும். எல்லாவற்றுக்கும் காசு ஆகும், ஒரு மணி நேரத்தில் விழும் பீஸும் குறையும்.

மாமாவுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. நான் அப்போது ஐந்தாவது. அவர் கட்டுப்போட்ட கையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாடகைக்கு எடுத்த மாயாவியைப் படித்துக்கொண்டிருந்தேன். அட்டையில் இரும்புக்கை. இதை அவர் முன்னால் விரித்து வைத்துக்கொண்டிருந்தோமே என்று இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அவர் அட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவனுக்கு என்னடா, கரண்ட்டு குடுத்தா மறைஞ்சிடுவானா?"

"ஆமா மாமா. கை மட்டும் தெரியும்."

"கரண்ட்டு போச்சுன்னா?"

"போச்சுன்னா... மறுபடி தெரிவாரு மாமா."

"நம்ம ஊர்ல இவன் பொழைக்கமாட்டான்" என்றார். அப்புறம், "அன்னிக்கு ரெண்டு மணி நேரம் கரண்ட்டு போயிருந்தா எனக்கு ரெண்டு வெரலும் இருந்திருக்கும்" என்றார்.

அந்தப் பட்டறையின் பெயர் வேண்டாம். விபத்துக்கு மறுநாள்தான் அவர் பெயர் பதிவேட்டில் ஏறியது என்பதும், 'கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள் என்பதும் போதும். அவர் இடது கையால் போட்டுக்கொடுத்தார்.

அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் என்ன கணக்கு இருந்தது என்று பிற்பாடு தேடிப் பார்த்தேன். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஒரு அட்டவணை இருந்தது. உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்துச் சதவீதம் போட்டிருப்பார்கள். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. கட்டைவிரல் 30. ஒரே கையில் இரண்டு விரல் 20, மூன்று 30, நான்கு 50. கை மணிக்கட்டோடு போனால் 60. இந்தக் கணக்குப்படி மாமா 20 சதவீதம், லூயிஸ் கிராண்டேல் 60 சதவீதம். அட்டவணையில் மாமாவுக்கு இடம் இருந்தது. பதிவேட்டில்தான் இல்லாமல் போனது.

சிவகாசியும் கைகளின் ஊர்தான். தீக்குச்சி அடுக்கும் கை, மருந்து திணிக்கும் கை, அச்சு இயந்திரத்தில் தாள் கொடுக்கும் கை. உலகத்தில் எத்தனையோ நாயகர்கள் இருக்க, அந்த ஊரின் பதிப்பகம் முதல் இதழுக்குக் கை போன ஒருத்தனை எடுத்தது யோசித்துச் செய்ததல்ல. கையில் கிடைத்த ஃப்ளீட்வே கதைகளில் நன்றாக இருந்தது, போட்டார்கள். வாசகர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டதுதான் விஷயம். சூப்பர்மேன் தமிழுக்கு வராமல் இல்லை. ஆனால் அவருடைய பெயரைச் சொல்லி யாரும் எங்கள் தெருவில் சண்டை போட்டதில்லை. அவருக்கு எதுவும் தேவையில்லை. மாயாவிக்குக் கரண்ட் தேவை. தேவை உள்ளவனைத்தான் நமக்குப் பழக்கம்.

இது ஒரு கதையோடு நிற்கவில்லை. 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார், அப்போது இருபது வயதைத் தொடாத இளைஞர். அதில் வந்து ஜெயித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஸ்பைடர். மார்வெலின் ஸ்பைடர்மேன் இல்லை, கூர்க் காதும் வலைத் துப்பாக்கியும் ஹெலிகாரும் கொண்ட இங்கிலாந்து ஸ்பைடர். அவரும் முதலில் வில்லன்தான். லயனில் 'குற்றச் சக்கரவர்த்தி' என்று வந்து, போகப்போக 'நீதிக் காவலன்' ஆனார். இன்னொருவர் சட்டித்தலையன் ஆர்ச்சி, வாய்ச்சவடால் அடிக்கும் இயந்திர மனிதன். இருவரையும் உருவாக்கிய எழுத்தாளர் ஒருவரே, டெட் கோவன். ஆர்ச்சி 1952-லும் ஸ்பைடர் 1965-லும் 'லயன்' என்ற ஆங்கில வார இதழில் வந்தவர்கள்.

ஸ்பைடர் விஷயத்தில் ஒரு கிளைக்கதை உண்டு, சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1966 முதல் அந்தத் தொடரை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இரண்டு பேரில் ஒருவர். சீகலும் ஜோ ஷுஸ்டரும் 1938-ல் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அதை மீட்க வழக்குப் போட்டுத் தோற்று, வேலை போய், கடைசியில் சீகல் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சிறுவர் இதழுக்குப் பெயர் போடாமல் கதை எழுதினார். அந்தக் கதைகளைத்தான் நாங்கள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிப் படித்தோம். 1978-ல் சூப்பர்மேன் பெரிய படமாக வருவதற்கு முன், 1975-ல் சீகல் பத்திரிகைகளிடம் போய் முறையிட்ட பிறகுதான், வார்னர் நிறுவனம் இருவருக்கும் வருஷத்துக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் படைப்பாளர் என்ற பெயரும் கொடுத்தது. உலகத்தின் முதல் பெரிய சூப்பர் ஹீரோவைப் படைத்தவருக்கே பதிவேட்டில் பெயர் ஏற முப்பத்தேழு வருஷம்.

இதற்கு நடுவில் பெயர்க் குழப்பம் வேறு. ராணி காமிக்ஸ் வேதாளரை 'முகமூடி வீரர் மாயாவி' என்று போட ஆரம்பித்தது. முத்துவின் மாயாவி வேறு, ராணியின் மாயாவி வேறு. பள்ளிக்கூடத்தில் "எந்த மாயாவி?" என்று கேட்காமல் பேச்சைத் தொடங்க முடியாது.

சரி, திரைக்கு வருவோம். இவ்வளவு பிரியத்தோடு படித்த தமிழ்நாடு, நூற்றுக்கணக்கில் படம் எடுக்கும் தமிழ்நாடு, இரும்புக்கை மாயாவியை ஏன் இதுவரை திரையில் கொண்டுவரவில்லை? லோகேஷ் கனகராஜ் அது தன் கனவுப் படம் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயர் செய்தியில் வரும்போதெல்லாம் என் வயதுக்காரர்களின் வாட்ஸப் குழுக்கள் ஒரு நாள் முழுக்கத் தூங்குவதில்லை. படம் மட்டும் வரவில்லை.

பணம், தொழில்நுட்பம் என்று காரணம் சொல்வார்கள். எனக்கு வேறு காரணம் தோன்றுகிறது. நம் சினிமா நாயகனுக்குச் சக்தி ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு விபத்தோ ஆய்வுக்கூடமோ தேவையில்லை. ஒரு அடியில் நாற்பது பேர் பறப்பார்கள், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. காமிக்ஸ் நாயகனிடமோ இரண்டு கேள்விக்குப் பதில் இருந்தாக வேண்டும். எங்கிருந்து வந்தது? எப்போது தீரும்? முதல் ரீலில் சாதாரண ஆளாக நின்று, பாதிக் கதையில் சக்தி தீர்ந்து மாட்டிக்கொண்டு முழிக்க ஒரு நட்சத்திரம் ஒத்துக்கொள்ள வேண்டும். பாதிப் படத்தில் முகமே தெரியாது, கை மட்டும்தான் தெரியும் என்றால் யார் வருவார்கள்?

மிஷ்கினின் 'முகமூடி' (2012) முதல் தமிழ் சூப்பர் ஹீரோ படம் என்ற விளம்பரத்தோடு வந்தது. ஜீவா முகமூடி மாட்டினார், குங்ஃபூ போட்டார். புரூஸ் லீ மேல் இருந்த பக்தி தெரிந்தது. சக்தி என்று எதுவும் இல்லை, வேதாளர் வகை. அந்தப் படத்தின் மேல் எனக்குப் பலருக்கு இருக்கும் கோபம் கிடையாது, ஆனால் அது எங்கேயோ ஒரு வெளியூர் நகரத்தில் நடப்பது போலவே இருந்தது. 'எந்திரன்' (2010) ஓர் இடத்தில் மாயாவிக்கு மிக அருகே போகிறது. ரயில் சண்டையில் சிட்டிக்கு சார்ஜ் தீர்கிறது, தூக்கி வெளியே எறிகிறார்கள். மேலே போகும் மின்கம்பியிலிருந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. தியேட்டரில் என் பக்கத்தில் இருந்த ஆள் கத்திய கத்தல், நட்சத்திரத்துக்கான கத்தல் இல்லை. அவரும் மாயாவி படித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது மடோன் அஸ்வினின் 'மாவீரன்' (2023). சிவகார்த்திகேயன் அதில் நாளிதழுக்கு 'மாவீரன்' என்ற படக்கதை வரையும் பயந்த ஆள். அவர் குடும்பத்தைக் குடிசையிலிருந்து காலி செய்து, தொட்டால் உதிரும் அடுக்குமாடி வீட்டில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அடிபட்ட பிறகு அவருக்கு ஒரு குரல் கேட்க ஆரம்பிக்கிறது, அதுதான் சக்தி. அவர் விரும்பி வாங்கியதல்ல, அவர் சொல்பேச்சும் கேட்காது. சுவர் இடிந்து விழும் ஊரில் சூப்பர் ஹீரோவுக்கு என்ன வேலை என்று கேட்ட படம். மலையாளத்தில் 'மின்னல் முரளி' (2021) இன்னும் துல்லியம். ஒரே மின்னல் ஒரு தையல்காரன் மேலும், ஒரு டீக்கடைத் தொழிலாளி மேலும் விழுகிறது. ஊரே ஏளனம் செய்த அந்த ஷிபுவாக நடித்தவர் நம்ம குரு சோமசுந்தரம். ஊர் அவனை வில்லன் ஆக்கும் விதம், முதல் கதையின் கிராண்டேலைத் தெரிந்தவர்களுக்குப் புதிதில்லை.

இங்கிலாந்து இந்த நாயகர்களைக் கிட்டத்தட்ட மறந்தது. 'வேலியன்ட்' 1976-ல் நின்றுபோனது. பழைய ஃப்ளீட்வே சொத்துகள் பல கைமாறி ரெபெல்லியன் என்ற நிறுவனத்திடம் சேர்ந்து, இப்போது அழகான மறுபதிப்புகள் வருகின்றன. சிவகாசியில் அந்த இடைவெளியே இல்லை. முத்துவும் லயனும் தடுமாறி, இடையில் மாதக்கணக்கில் வராமல் போய், மறுபடி எழுந்து இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. விலை ஏறியிருக்கிறது, தாள் வழவழப்பாகியிருக்கிறது. வாங்குபவர்களின் தலை நரைத்திருக்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நெடுஞ்சாலையில் சானமாவு காட்டருகே வனத்துறை ஜீப் நின்றிருந்தது, யானை இறங்கியிருக்கிறது என்று வண்டிகளை மெதுவாக விட்டார்கள். வீட்டில் மாமா டிவி முன்னால் இருந்தார். அறுபதைத் தாண்டிவிட்டார். பையில் இருந்த மாயாவி மறுபதிப்பை எடுத்துக் கொடுத்தேன். மூன்று விரலில் பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நிதானமாகப் பக்கம் திருப்பினார். மாயாவி நிழற்படையில் சேரும் இடம் வந்தது.

"கவர்ன்மென்ட்டு வேலையா இது?"

"அப்படித்தான் வெச்சுக்கணும் மாமா."

"இ.எஸ்.ஐ. உண்டா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனது சோத்துக் கைதானே? அப்ப இவன் கையெழுத்து எந்தக் கையில போடுவான்?"

எத்தனையோ தரம் படித்த கதைகள். மாயாவி கையெழுத்துப் போடும் கட்டம் ஒன்றுகூட எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.